குடலமிர்தம்

ஒச்சம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றபோது வசுந்தரா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் பின்னாலேயே ஓடிவந்து, "எம்புட்டுச் சொல்லியும் கேக்க மாட்டேங்குது டீச்சர், விசிட்டர் நோட்டுல கையெழுத்துக்கூடப் போடல" என்றான்.

பசுமலைப் பெண்கள் பள்ளியில் வசுந்தரா பத்தொன்பது ஆண்டுகளாக மனையியல் நடத்துகிறாள். பெற்றோர்கள் வந்து நிற்பது புதிதில்லை. ஒச்சம்மாவையும் தெரியும். அவள் மகள் இதே பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். புருஷன் அழகுமலை வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறவர்.

"வெளிய வாங்க டீச்சர்" என்றாள் ஒச்சம்மா. "பிள்ளைக முன்னால வைய வேணாம்னு பாக்குறேன்."

இருவரும் வராந்தாவின் கடைசிக்குப் போனார்கள். ஒச்சம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் ஒரு கேசட்டையும் எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள்.

"அவருக்குக் கால்ல ரெண்டு வெரல் அழுகிப்போச்சு. பெரியாஸ்பத்திரியில கெடக்காரு. வெரலோட நிக்குமா, காலையே எடுக்கணுமான்னு திங்கக்கெழமை சொல்றாங்களாம். நீங்க சொன்னீங்கன்னுதான் மாத்திரையை நிறுத்துனாரு."

"நானா? நான் யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்லையே."

"அப்ப இதுல பேசுறது யாரு?"

டப்பாவில் 'குடலமிர்தம்' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. 'கோடிக்கணக்கான தயிர் நுண்ணுயிர்கள் அடங்கியது. சர்க்கரை அற்றது. நீரிழிவுக்கு நிரந்தர விடுதலை.' கேசட் அட்டையில் வசுந்தராவின் படம் இருந்தது. பள்ளி ஆண்டு விழாப் படத்தில் பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டு அவளை மட்டும் எடுத்திருந்தார்கள். கீழே 'ஊட்டச்சத்து நிபுணர் திருமதி வசுந்தரா எம்.எஸ்ஸி. சொல்வதைக் கேளுங்கள்.'

பாட்டு வகுப்பில் ஒரு டேப்ரெக்கார்டர் உண்டு. அங்கே போய் கேசட்டைப் போட்டார்கள்.

அவள் குரல்தான். மாசி மாதம் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் பேசியது. வந்தவர்களில் பாதிப்பேருக்கு வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தது. அதனால் குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவளும் ஒரு வாரம் படித்து, ஆசையாகத் தயாரித்துப் பேசினாள்.

'கிருமின்னா எல்லாமே கெட்டது இல்ல. நம்ம குடல்ல நல்லது செய்யுற கிருமிகளும் குடியிருக்கு. மோர்ல, தயிர்ல, பழைய சோத்துத் தண்ணியில அதுக இருக்கு. இட்லி மாவுலயும் உண்டு, ஆனா வேக வச்சா செத்துப்போகும். உள்ள போனதுக்குத் தீனி போடணும்ல? சின்ன வெங்காயம், பூண்டு, வாழைத்தண்டு, வாழைப்பூ, வெந்தயம், முழுப்பயறு, இதுல இருக்கிற நார்தான் அதுகளுக்குத் தீனி. இப்படிச் சாப்பிட்டா சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை சட்டுன்னு ஏறாது…'

அங்கே 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்து, 'நம்ம அடுப்படியிலயே ஒரு ஆஸ்பத்திரி இருக்கு.' கைதட்டல். பிறகு ஓர் ஆண் குரல்: 'அந்த ஆஸ்பத்திரி இப்போது ஒரே டப்பாவில். இனி மாத்திரை எதற்கு?'

வசுந்தரா டேப்ரெக்கார்டரை நிறுத்தினாள். அந்த 'டொக்' விழுந்த இடத்தில் அவள் கால் மணி நேரம் பேசியிருந்தாள். இது மாத்திரைக்குத் துணை, மாத்திரைக்குப் பதில் இல்லை. டாக்டரைக் கேட்காமல் ஒன்றைக்கூட நிறுத்தாதீர்கள். பழைய சோறும் சோறுதான், சட்டி நிறையக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இப்படி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"கடைசியில பேசுறது என் தம்பி" என்றாள். "ஸ்ரீநாத். அவன்தான் அன்னைக்கு வந்து ரெக்கார்ட் பண்ணினான். வீட்டுல போட்டுக் கேக்கணும்னு சொன்னான்."

ஒச்சம்மா கேசட்டை வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப குடும்பமாச் சேந்துதான் செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று பள்ளி விட்டதும் வசுந்தரா பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அழகுமலை அவளைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மண்டியில் வெறுங்காலோடு நடந்தபோது ஆணி ஏறியிருக்கிறது. அது அவருக்குத் தெரியவே இல்லை. மூன்று மாதமாக மாத்திரை இல்லாமல் சர்க்கரை ஐந்நூற்றைத் தாண்டியிருந்தது. நாற்றம் வந்த பிறகுதான் ஒச்சம்மா காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள்.

வசுந்தரா கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றாள். அவர் திரும்பவில்லை. பஸ்ஸில் வரும்போது அவளுக்குத் தம்பி மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் அதிகமாக வந்தது. அந்த அடுப்படி ஆஸ்பத்திரி வாக்கியத்தை யாரும் ஒட்டவைக்கவில்லை. அவளே சொன்னதுதான். படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. கூட்டம் கொஞ்சம் அசந்தமாதிரி இருந்தது, கை தட்டட்டும் என்று சொன்னாள். தட்டினார்கள். வீட்டுக்கு வந்து புருஷன் ஜனகராஜிடம் அதைப் பெருமையாகவும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகாமல் நேராக முனிச்சாலையில் தம்பி வீட்டுக்குப் போனாள். ஸ்ரீநாத் இதற்கு முன்னால் தண்ணீர் சுத்திகரிப்பான் விற்றான், இன்சூரன்ஸ் பிடித்தான், எதுவும் நிலைக்கவில்லை. இப்போது முன்னறை முழுக்க டப்பாக்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. கழுத்தில் டை கட்டியிருந்தான். இருவரும் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியிலேயே பேசினார்கள்.

"என் பேச்சை வெட்டினியா?"

"எந்தப் பேச்சு?"

"நடிக்காதே. ஒரு மனுஷனுக்குக் கால் போகப்போகுது."

அவன் உட்கார்ந்தான். "நீ பேசுனதுல ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கல அக்கா."

"எடுத்திருக்கே."

"நீளமா இருந்துச்சு. கேசட்ல ஒரு பக்கம் அரை மணி நேரந்தான் ஓடும். சுருக்கினேன்."

சுருக்கினேன் என்று அவன் சொன்ன விதம், கடைக்காரன் துணியின் ஓரத்தைக் கிழித்துப் போட்டதைச் சொல்வதுபோல் இருந்தது.

"அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷம் சர்க்கரை இருந்துச்சு. அவருக்கு இந்த டப்பாவைக் கொடுத்து மாத்திரையை நிறுத்தியிருப்பியா?"

"அது வேற" என்றான்.

"என்ன வேற?"

"அவர் நம்ம அப்பா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்ததுபோல் முகம் மாறியது. வசுந்தரா அடுக்கிலிருந்து ஒரு டப்பாவை உருவினாள். மேலே இருந்த நாலைந்து டப்பாக்கள் சரிந்து விழுந்தன. எடுத்து வைக்காமல் வெளியே வந்தாள்.

வீட்டில் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்தது. பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். ஒன்றில் வீட்டுத் தயிர் அரைக் கரண்டி, இன்னொன்றில் குடலமிர்தம் இரண்டு கரண்டி. மூடிவைத்தாள். ஜனகராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கூடப்பிறந்தவன் வசு. கூப்பிட்டு வச்சுத் தனியாப் பேசிக்கலாம்" என்றார்.

"தனியாத்தான் இப்பப் பேசிட்டு வந்தேன்."

"நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேர்ல எத்தனை பேர் இதைச் சாப்பிடுறாங்கன்னு தெரியாது. அதுதான் என் கவலை."

காலையில் ஒரு டம்ளர் கெட்டியாக உறைந்திருந்தது. மற்றது பாலாகவே இருந்தது. சாயங்காலம் அது உறையாமல் திரிந்து கெட்ட வாடை அடித்தது. உயிருள்ள தயிர் நுண்ணுயிர் கொஞ்சம் இருந்தால் போதும், பால் உறைந்திருக்கும். கோடிக்கணக்கில் என்று டப்பாவில் போட்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வேதியியல் ஆசிரியை பிரியம்வதா பொடியைக் கரைத்து, சர்க்கரையைக் காட்டும் நீலக் கரைசல் விட்டு, சோதனைக் குழாயைச் சூடுபண்ணினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் அடியில் தங்கியது.

"பால் பவுடர் கலந்திருந்தாலும் கொஞ்சம் இப்படிக் காட்டும்" என்றாள் பிரியம்வதா. அவள் எதையும் அளந்து பேசுகிறவள். "ஆனா இவ்வளவு வராது வசுந்தரா. இது நல்லாவே குளுக்கோஸ் சேர்த்தது. சர்க்கரைக்காரங்களுக்கா இதைக் கொடுக்கறா?"

"என் குரலோட கொடுக்கறாங்க" என்றாள் வசுந்தரா.

அன்றே சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதி, பொடியையும் ஒரு பொட்டலத்தில் வைத்து நேரில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் முத்திரை குத்தி, "பாக்கிறோம்மா" என்றார். எப்போது என்று கேட்டாள். அவர் மறுபடியும் "பாக்கிறோம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காமராஜர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் குடலமிர்தம் கூட்டம் நடந்தது. வாசலில் வாழைமரம்கூடக் கட்டியிருந்தார்கள். இருநூறு பேராவது இருக்கும். எல்லாம் வயதானவர்கள், அல்லது வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர்கள். வசுந்தரா புதிதாக உறையூற்றிய இரண்டு டம்ளர்களையும் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு நடுவழியில் நடந்தாள்.

மேடையிலிருந்து ஸ்ரீநாத் அவளைப் பார்த்துவிட்டான். ஒரு நொடிதான் தடுமாறினான்.

"பாருங்க, நீங்க கேசட்ல கேட்ட டீச்சர், என் சொந்த அக்கா, அவங்களே வந்திருக்காங்க. கை தட்டுங்க" என்றான்.

கூட்டம் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. ஒரு கிழவர் எழுந்து கும்பிட்டார். அவன் மைக்கை அவளிடம் நீட்டினான். சபையில் வைத்துத் தன்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் தெரிந்தது. சின்ன வயதில் அவன் பொருளை உடைக்கும்போதெல்லாம் அவள்தான் பழியை ஏற்றிருக்கிறாள்.

"கை தட்டாதீங்க" என்றாள் வசுந்தரா. "நான் பேசுனதை வெட்டிட்டுப் பாதியைத்தான் உங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்காங்க. மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு நான் சொன்னதை எடுத்துட்டாங்க. இதை நம்பி மாத்திரையை விட்ட ஒருத்தர் காலு அழுகிப்போய் பெரியாஸ்பத்திரியில இருக்கார்."

டம்ளர்களை எடுத்துக் காட்டினாள். "இது வீட்டுத் தயிர் ஊத்துனது, உறைஞ்சிருச்சு. இது இவங்க பொடி போட்டது. பாருங்க, பாலாவே இருக்கு. இதுல உயிருள்ள தயிர்க் கிருமி இல்ல. சர்க்கரை இருக்கு. சோதனை பண்ணியே பாத்தோம்."

மைக் செத்தது. அவள் நிறுத்தவில்லை. அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல் அது. "மாத்திரையை நிறுத்தினவங்க நாளைக்கே போய் ரத்தம் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ பாட்டைப் போட்டார்கள். டை கட்டிய இரண்டு பேர், "வாங்க மேடம், ரூம்ல உக்காந்து பேசலாம்" என்று தோளைத் தொடாமல் தொட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு டம்ளர் படியில் விழுந்து உடைந்தது.

அவள் போகவில்லை. கேட்டில் நின்றாள். கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்களில் பத்துப் பேர்தான் நின்று கேட்டார்கள். ஒரு அம்மா, "ஒங்களுக்குப் பங்கு குடுக்கலன்னு சண்டையாக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அவள் மடியில் மூன்று டப்பா இருந்தது. அந்த ஆட்டோவை மறித்து, டப்பாக்களைப் பிடுங்கித் தரையில் கொட்ட வேண்டும் என்று வசுந்தராவுக்கு இருந்தது. ஆட்டோ போய்விட்டது.

கடைசியாக ஸ்ரீநாத் வந்தான்.

"என் பொழைப்பை முடிச்சுட்ட. திருப்தியா?"

"அழகுமலைன்னு பேரு. ஆம்பிளைங்க வார்டு, ஜன்னலோரம் மூணாவது கட்டில். போய் அந்தக் காலைப் பாத்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

அவன் போகவில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சும் நின்றது.

திங்கட்கிழமை அழகுமலைக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. புதன்கிழமை சாயங்காலம் ஒச்சம்மா வசுந்தராவின் வீட்டுக்கு வந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"மண்டபத்துல நீங்க பேசுனீங்களாம்ல. எங்க தெருக்காரம்மா சொன்னுச்சு."

"ஆமா."

"வேற ஒண்ணு சொல்ல வந்தேன்." அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். "ஆளு சேத்துவிட்டா நமக்கு டப்பா இனாம்னு சொன்னாங்க. நானும் பதினோரு வீட்டுக்குப் போனேன். கேசட்டைப் போட்டுக் காட்டுனேன். எம் மக படிக்கிற பள்ளிக்கூடத்து டீச்சரு, பொய் சொல்ல மாட்டாங்கன்னு நாந்தான் சொன்னேன்."

வசுந்தராவும் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நாம் மட்டும் போயிச் சொன்னா நம்ப மாட்டாக. நீங்களும் வரணும். உங்க வாயால ஏத்துனது, உங்க வாயாலதான் எறங்கும்."

கேட்டது உதவி. அதட்டலாகத்தான் வந்தது. வசுந்தரா சரி என்றாள்.

சனி, ஞாயிறுகளில் போனார்கள். பழங்காநத்தத்தில் நாலு வீடு, ஜெய்ஹிந்த்புரத்தில் மூன்று, மாடக்குளத்தில் ஒன்று. சில இடங்களில் வேலை சுலபமாக முடிந்தது. இனிப்பு பிடிக்கவில்லை என்று இரண்டு வீட்டில் டப்பாவைத் திறந்ததோடு சரி. ஒரு வீட்டில் ரத்தம் பார்த்து, ஏறியிருப்பது தெரிந்து, அவர்களாகவே மாத்திரைக்குத் திரும்பியிருந்தார்கள். மாடக்குளத்தில் ஒருவன் இருவரையும் வாசலில் நிற்கவைத்துக் கால் மணி நேரம் திட்டினான். அவன் அம்மாவுக்கு ஒரு கண் மங்கிவிட்டது. அது பொடியால் வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியாது. வசுந்தரா அதை விளக்க வாயெடுத்தாள். ஒச்சம்மா கையை அழுத்தி, "வையட்டும்" என்றாள். கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

வழியில் ஒச்சம்மா அதிகம் பேசமாட்டாள். பஸ்ஸில் இரண்டு சீட் சேர்ந்தாற்போல் காலியாக இருந்தாலும் தனியாகப் போய்த்தான் உட்காருவாள். வீட்டுக்கு வந்த அழகுமலை வசுந்தராவிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் செருப்பு சத்தம் கேட்டாலே கட்டுப்போட்ட காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

மூன்று வாரம் கழித்துச் சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் குடலமிர்தம் ஆபீசுக்குப் போனார்கள். பூட்டிய அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு காலண்டரும் இருந்தன. கம்பெனி தேனிப்பக்கம் போய்விட்டது, வேறு பெயரில் வேறு நிற டப்பா என்றார்கள். ஸ்ரீநாத்தும் அவர்களோடு போயிருந்தான். வசுந்தரா தேனிக்கும் ஒரு புகார் எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போவதாக இருந்தது. பஸ் நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டும்போது, வழக்கத்துக்கு மாறாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒச்சம்மா, "இந்த வீட்டுக்குத்தான் முதல்ல வந்திருக்கணும்" என்றாள்.

"ஏன்?"

"பெரியப்பா மகன். கண்ணுச்சாமின்னு. மில்லுல வேலை பாத்து ரிட்டையரானவரு. ஊசி போட்டுக்கிட்டு இருந்தாரு. நாம்போயி கேசட்டைப் போட்டதும் நிறுத்திட்டாரு."

வசுந்தரா திரும்பி அவளைப் பார்த்தாள். "இன்சுலின் ஊசியா? ஊசி போடுறவரா?"

"ஆமா."

"ஒரு மாசமாத் தெருத்தெருவாச் சுத்துறோம். ஊசியை நிறுத்தினவரை விட்டுட்டு, பொடியை எப்பவோ விட்டவங்க வீட்டுல போய்க் காப்பி குடிச்சோம். ஒச்சம்மா, உங்களுக்கு அறிவு இருக்கா?" பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணிக்கவில்லை. "அந்த ஆள் செத்திருந்தா?"

"போன்ல சொல்லிவிட்டேன். சிரிச்சாராம்." ஒச்சம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நேர்ல போக எனக்கு மூஞ்சி இல்ல டீச்சர்."

கண்ணுச்சாமியின் வீடு மலையடிவாரத்தில், தாமரைக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. அவர் வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். அவர்கள் பேசி முடிப்பதற்குள் அதைக் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.

"வாத்தா ஒச்சு. இவங்கதானா அந்த டீச்சரம்மா? கேசட்ல கொரலு கணீர்னு இருக்கும்" என்றார். "ஊசி குத்திக் குத்தி வயிறே சல்லடையாப் போச்சும்மா. உங்க புண்ணியத்துல அது விட்டுச்சு. காலையில பொடி, மத்தியானம் தயிரு ஊத்தி நல்லா ரெண்டு தட்டுச் சோறு. ஒடம்பு காத்து மாதிரி லேசா இருக்கு."

"லேசா இருக்கிறது நல்லதுக்கு இல்ல ஐயா" என்றாள் வசுந்தரா. பொறுமையாகவே எல்லாவற்றையும் சொன்னாள். கேசட்டை வெட்டியது, பொடியில் சர்க்கரை இருப்பது, தாகமும் இளைப்பும் எதனால் என்பது. அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பிறகு உள்ளே பார்த்து, "டீச்சரம்மாவுக்குக் கலர் சோடா வாங்கியாரச் சொல்லு" என்றார்.

"கலரெல்லாம் வேணாம். இப்ப என்கூட டாக்டர்கிட்ட வாங்க."

"திங்கக்கெழமை பாப்போம்மா. நல்லாத்தானே இருக்கேன்."

அதுவரை தூணோரம் நின்ற ஒச்சம்மா முன்னால் வந்தாள். கத்தவில்லை.

"அண்ணே, அவரு வெரல் ரெண்டையும் ஒரு கிண்ணத்துல வச்சு மூடி வெளிய கொண்டுபோனாங்க. துணி வெலகிச்சு, நான் பாத்துட்டேன். கருப்பா, கரிக்கட்டை மாதிரி இருந்துச்சு. மண்டியில சுமை தூக்குன மனுசன், இப்ப கக்கூசுக்குப் போக என் தோளைப் பிடிக்கிறாரு."

கண்ணுச்சாமி ஏதோ சொல்ல வந்தார்.

"இரு, பேசி முடிச்சுக்கிறேன். அவருக்கு இதைக் குடுத்தது நானு. ஒனக்குக் குடுத்ததும் நானு. அண்ணி, நீங்களும் கேட்டுக்கங்க. இவரு செத்தா, சர்க்கரையில செத்தாருன்னு சொல்லாதீக. ஒச்சம்மா கொன்னுட்டான்னு சொல்லி அழுங்க. எழவுக்கு நான் வரமாட்டேன். வர்ற தகுதி எனக்கு இல்ல."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு உள்ளே போய், மண்பானைத் தண்ணீரில் போட்டுவைத்திருந்த ஊசி மருந்து பாட்டிலை எடுத்துவந்து கட்டிலில் வைத்தாள். "ரெண்டு மாசமா இவருக்குத் தெரியாமப் பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள்.

"திறந்து ரெண்டு மாசம் ஆனது வேணாம்மா, புதுசு வாங்கிக்கலாம்" என்றாள் வசுந்தரா. "ஐயா, சட்டையைப் போடுங்க."

அவர் போட்டார்.

நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். சர்க்கரை நானூற்று முப்பது. டாக்டர் பையன் வயதுக்காரர். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். வசுந்தரா, "என் பேரைச் சொல்லித்தான் நிறுத்த வச்சிருக்காங்க" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. உப்புநீர் ஏற்றி, ஊசி போட்டு, இரண்டு மணி நேரம் படுக்கவைத்தார். பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்து, நாளைக்கே அங்கே காட்டிவிட வேண்டும் என்றார்.

கண்ணுச்சாமிக்கு வெட்கமாக இருந்தது. படுத்துக்கொண்டே, "அப்ப மோரு குடிக்கலாமா, கூடாதாம்மா? ஒரேயடியாச் சொல்லிருங்க" என்றார்.

"குடிங்க. மோர் நல்லதுதான். சக்கரை போடாம, நீர்மோராக் குடிங்க. சோறு ரெண்டு தட்டு வேணாம், ஒரு கரண்டியோட நிறுத்திட்டு, வாழைத்தண்டு, கீரை, பயறு கூட வச்சுக்கங்க. சின்ன வெங்காயம் கடிச்சுக்கலாம். வெந்தயம் ஊறவச்சுச் சாப்பிடலாம். இதெல்லாம் உதவி செய்யும். ஊசியோட வேலையை இதுக செய்யாது. ஊசியை விட்டுட்டு மோரைக் குடிச்சா என்ன ஆகும்னு இப்பப் பாத்துட்டீங்க."

"ஊசியைப் போட்டுட்டுக் குடிக்கணும்."

"ஆமா."

"இதை அன்னைக்கே கேசட்ல சொல்லியிருக்கலாம்ல" என்றார் அவர். குத்திக்காட்டவில்லை, கேசட்டை வெட்டியதாக அவள் வாசலில் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

வசுந்தரா எழுந்து வெளியே வந்து நின்றாள். கண்ணில் நீர் வந்தது, அழுகையா கோபமா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றார்கள். பெரியார் நிலையம் போகும் பஸ் இரண்டு நிற்காமல் போயின.

"எனக்கு ஒங்க மேல கோவம் போகல டீச்சர்" என்றாள் ஒச்சம்மா.

"போக வேணாம்."

"எம் மேலயும் போகல."

"எனக்கும் உங்க மேல இருக்கு. இந்த வீட்டை ஒளிச்சு வச்சதுக்கு."

ஒச்சம்மா ஒப்புக்கொள்வதுபோல் தலையாட்டினாள். "எங்க வீட்டுல அவரு நேத்து கேட்டாரு. இன்னும் எத்தனை வீடு இருக்குன்னு. மூணுன்னேன். முடிச்சுட்டு வான்னாரு. ஒங்களைப் பத்தி ஒண்ணுஞ் சொல்லல."

"சரி."

"இனி ரெண்டுதான். விளாங்குடியில ஒண்ணு, சமயநல்லூர்ல ஒண்ணு. ஊசிக்காரங்க யாரும் இல்ல. மாத்திரைதான்."

"நாளைக்கே போயிருவோம். ஞாயித்துக்கெழமைதானே."

மூன்றாவது பஸ் நின்றது. நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். ஒரு பெண் இறங்கிய இடத்தில் ஒச்சம்மா உட்கார்ந்துகொண்டாள். வசுந்தரா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் ஒரு திருப்பத்தில் ஆடியபோது ஒச்சம்மா அவள் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டி, தோளில் தொங்கிய பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.